கடை பூட்டியிருந்த மாதங்களுக்கும் ரிட்டர்னா? எல்லைப் பக்கம் சிறு வியாபாரிகளுக்கு வரி, கடன், நிவாரணம்

பாத்திரக்கடை_கொழிஞ்சாம்பாறை
2021 ஜூலை 11

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எவர்சில்வர், அலுமினியப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். குக்கர், மிக்ஸியும் உண்டு. ரெகுலர் ஜிஎஸ்டி, சின்னக் கடைகளுக்கான குறைந்த வரி காம்போசிஷன் முறை இல்லை.

போன வருடம் மார்ச்சில் ஊரடங்கு வந்ததிலிருந்து ரிட்டர்ன் போடவில்லை. 2020 பிப்ரவரி மாதத்து 3பி (மாதாந்தர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) முதலே நிற்கிறது. கடையே திறக்காதபோது கணக்கு எழுதுகிறவருக்கு எங்கிருந்து கொடுப்பது? பிறகு கொஞ்சம் வியாபாரம் வந்தபோது அந்தப் பணம் சரக்குக்காரருக்கும் வாடகைக்கும் போய்விட்டது. இப்போது 3ஏ நோட்டீஸ் வந்திருக்கிறது, பதினைந்து நாளில் எல்லாவற்றையும் போட வேண்டுமாம்.

எங்கள் நிலைமை இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பஞ்சாயத்தின் டிபிஆர் (பரிசோதித்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குக் கொரோனா) பார்த்து ஏ, பி, சி, டி என்று வாராவாரம் எழுத்து மாறுகிறது. சி வந்தால் மளிகைக்குத் தினமும் உண்டு. துணி, நகை, செருப்புக்கு வெள்ளிக்கிழமை உண்டு. பாத்திரத்துக்கு ஒரு கிழமையும் இல்லை. அந்தப் பக்கம் ஜூலை 5-லிருந்து தமிழ்நாடு முழுக்க ஒரே தளர்வு. கல்யாணச் சீர் வாங்குகிறவர்கள் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போய் வாங்கி வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கல்யாணத் தேதி காத்திருக்காது.

மூன்று கேள்வி. லேட் ஃபீஸ் எவ்வளவு வரும்? பழைய பில்லுக்கெல்லாம் இன்புட் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) கிடைக்குமா? வங்கியில் கொரோனா கடன் என்று ஒன்று தருகிறார்களாம், அதை வாங்கி வரியைக் கட்டிவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வரிக்கணக்கு_சித்தூர்
2021 ஜூலை 11

அண்ணா, நான் சித்தூரில் (நம் பாலக்காட்டுச் சித்தூர்தான்) ஜிஎஸ்டி பிராக்டிஷனராக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இதே கேள்வியோடு நிறையப் பேர் வருகிறார்கள்.

நோட்டீஸுக்குப் பயப்பட வேண்டாம், தள்ளிப் போடவும் வேண்டாம். பதினைந்து நாள் கழிந்தும் ரிட்டர்ன் போகவில்லை என்றால் அதிகாரி தன்னிடம் இருக்கும் விவரத்தை வைத்து அவராகவே ஒரு வரித்தொகை போட்டு ஆணை அனுப்பலாம். அப்படியே வந்தாலும் முப்பது நாளுக்குள் நீங்கள் உண்மையான ரிட்டர்னைப் போட்டுவிட்டால் அந்த ஆணை விலகிவிடும். அதையும் விட்டுவிட்டால்தான் சிக்கல். தொடர்ந்து ஆறு மாதம் ரிட்டர்ன் இல்லாதவர்களின் பதிவையே ரத்து செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. உங்களுக்கு இன்னும் ரத்தாகவில்லை என்பதே நல்ல காலம்.

கடை பூட்டியிருந்த மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. விற்பனையும் கொள்முதலும் இல்லையென்றால் அது நில். 2020 ஜூன் 8-லிருந்து நில் 3பி-யைப் பதிவு செய்த போன் எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பியே முடிக்கலாம். அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், அரசின் அக்ஷயா இ-சேவை மையத்துக்குக்கூடப் போக வேண்டாம்.

இனி லேட் ஃபீஸ். சாதாரணமாக ஒரு நாளைக்கு 50 ரூபாய், நில் என்றால் 20 ரூபாய். ஒரு ரிட்டர்னுக்கு 10,000 வரை ஏறும். உங்கள் பழைய மாதங்களில் பலவற்றுக்கு இந்த உச்சம் எப்போதோ தொட்டிருக்கும். ஆனால் மே 28-ம் தேதி நடந்த 43-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் ஒரு சலுகை கொடுத்திருக்கிறார்கள். 2017 ஜூலை முதல் 2021 ஏப்ரல் வரை நிற்கிற 3பி எதுவானாலும் இந்த ஜூன் 1-க்கும் ஆகஸ்ட் 31-க்கும் நடுவில் போட்டால், வரி கட்ட வேண்டிய மாதத்துக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய், வரி இல்லாத மாதத்துக்கு 500 ரூபாய். உங்களுக்கு 2020 பிப்ரவரியிலிருந்து 2021 ஏப்ரல் வரை பதினைந்து ரிட்டர்ன். ஒரு மாதம் மட்டும் நில் என்று வைத்தால் மொத்தம் 14,500-க்குள் முடியும். சலுகை இல்லாமல் போட்டால் லட்சத்தைத் தாண்டும். இந்த மூன்று மாதத்தை விடவே கூடாது அண்ணா.

சலுகை லேட் ஃபீஸுக்கு மட்டும், வட்டிக்கு இல்லை. 2020 மாதங்களுக்குக் கொடுத்த வட்டிக் குறைப்பெல்லாம் அந்த வருடமே முடிந்துவிட்டது, எனவே 18%. ஒரு நிம்மதி: இன்புட்டைக் கழித்து ரொக்கமாகக் கட்டுகிற தொகைக்கு மட்டும் வட்டி போட்டால் போதும். 2017 ஜூலை முதலே அப்படித்தான் என்று இந்த ஜூன் 1-லிருந்து சட்டத்திலேயே வந்துவிட்டது. யாராவது மொத்த வரிக்கும் வட்டி போட்டுக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்புட் விஷயம்தான் எனக்கு வருத்தம். 2020-21 பில்களுக்கு இந்த வருடம் செப்டம்பர் மாத ரிட்டர்னின் கெடு வரை, அதாவது அக்டோபர் 20 வரை நேரம் இருக்கிறது. 2019-20 பில்களுக்கு அந்தக் கெடு போன அக்டோபரோடு போய்விட்டது. பிப்ரவரி, மார்ச் 2020 கொள்முதலுக்கு நீங்கள் சப்ளையரிடம் வரி கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள், சப்ளையரும் அதை அரசுக்குக் கட்டியிருப்பார், ஆனாலும் 16(4) பிரிவின்படி கிடையாது. லேட் ஃபீஸைக் குறைத்தவர்கள் இதைத் தொடவே இல்லை. ஊரடங்கில் அடைபட்ட ஒரு கடைக்காரரிடம் இரண்டு தடவை வரி வாங்குவது நியாயம் இல்லை என்பது என் கருத்து. நிறையப் பேர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

கடன் கேள்விக்கு மற்றவர்கள் சொல்லட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: ரிட்டர்னைப் போடாமல் எந்த வங்கிப் படியும் ஏறாதீர்கள். சிறு வியாபாரிக்கு இன்று அரசு கொடுக்கிற எந்தச் சலுகையும் ரிட்டர்னைத்தான் முதலில் கேட்கிறது.


வேலந்தாவளம்_மண்டி
2021 ஜூலை 12

அக்கா, தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. ஆனால் என் மாதிரி ஆளுக்கு இதில் எங்கே இடம்? எங்கள் மார்க்கெட்டில் தக்காளி, வெண்டை, புடலை, பாகல். காய்க்கு ஜிஎஸ்டியே இல்லை, அதனால் நான் பதிவும் எடுக்கவில்லை. போன வருடம் வாளையாறு செக்போஸ்டில் பாஸ் இல்லாமல் ஆட்கள் நின்ற நாட்களிலும் காய் வண்டி ஓடியது. ஓடி என்ன, திருச்சூர்ப் பக்கம் ஹோட்டல்கள் அடைத்ததில் வாங்க ஆள் இல்லை. விவசாயிக்குக் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. இப்போது வண்டிக்கும் சுமைக்கூலிக்கும் வாராந்தர வட்டிக்கு வாங்கித்தான் ஓட்டுகிறேன். வங்கியில் கேட்டால் ‘ஜிஎஸ்டி இருக்கிறதா, உத்யம் (சிறு தொழில் பதிவு) இருக்கிறதா’ என்கிறார்கள்.


வரிக்கணக்கு_சித்தூர்
2021 ஜூலை 12

மண்டி அண்ணா, உங்களுக்கும் இந்த மாதம்தான் ஒரு கதவு திறந்திருக்கிறது. முன்பு சில்லறை, மொத்த வியாபாரிகளை எம்எஸ்எம்இ (சிறு, குறு, நடுத்தரத் தொழில்) கணக்கில் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். ஜூலை 2-ம் தேதி அந்தத் தடையை நீக்கிவிட்டார்கள். இனி வியாபாரிகளும் உத்யம் பதிவு எடுக்கலாம், முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும். பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். ஆன்லைனில் இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற போலித் தளங்கள் இருக்கின்றன, அரசுத் தளத்தில் மட்டும் போடுங்கள். அக்ஷயாவிலும் போட்டுத் தருவார்கள்.

வருமான வரி ரிட்டர்னும் போடுங்கள். இரண்டு கோடிக்குள் விற்பனை என்றால் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் கணக்குப் புத்தகம் வைக்காமலே 8% லாபம் என்று காட்டலாம், வங்கி வழி வந்த பணத்துக்கு 6%. காய் வியாபாரத்தில் வரி வருகிறதோ இல்லையோ, வங்கிக்காரர் கேட்கிற முதல் காகிதம் அது. இந்த வருடம் செப்டம்பர் 30 வரை நேரம் நீட்டியிருக்கிறார்கள்.


மாவுமில்_மீனாட்சிபுரம்
2021 ஜூலை 12

பாத்திரக்கடைக்காரரே, கடனைப் பற்றி நான் சொல்கிறேன். நான் வாங்கியவன்.

அதன் பெயர் இசிஎல்ஜிஎஸ். 2020 மே மாதம் அறிவித்தது. 2020 பிப்ரவரி 29-ம் தேதி உங்களுக்கு வங்கியில் எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ அதில் 20% கூடுதலாகத் தருவார்கள். புது அடமானம் இல்லை, கியாரண்டி மத்திய அரசுடையது. வங்கி என்றால் வட்டி 9.25%-க்கு மேல் போகக் கூடாது, பைனான்ஸ் கம்பெனி என்றால் 14%. நான்கு வருடத்தில் அடைக்க வேண்டும், முதல் வருடம் அசல் கட்ட வேண்டாம். இந்த ஜூன் 28-ம் தேதி இதற்கான மொத்த வரம்பை 3 லட்சம் கோடியிலிருந்து 4.5 லட்சம் கோடி ஆக்கியிருக்கிறார்கள்.

அந்தத் தேதியில் கடன் பாக்கியே இல்லாதவருக்கு இது கிடையாது. யாரிடமும் கடன் வாங்காமல் கைக்காசில் கடை நடத்தியவர், நகையை வைத்துச் சமாளித்தவர், சிட்டி (சீட்டு) எடுத்து ஓட்டியவர், இவர்களெல்லாம் வெளியே. ஒழுங்காக இருந்தவனுக்கு ஒன்றும் இல்லை என்று எங்கள் தெருவில் எல்லோரும் மனம் கசந்து பேசுகிறார்கள். அந்தக் கசப்பு நியாயமானது.

எனக்கு சிசி (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கு இருந்ததால் கிடைத்தது. அதை வைத்துத்தான் மில்லில் இருந்த இரண்டு பேருக்கும் சம்பளம் போட்டேன், கரண்ட் பில் கட்டினேன். ஆனால் அது கடன். முதல் வருடம் அசல் வேண்டாம் என்பதால் லேசாகத் தெரிந்தது. எனக்கு அந்த ஒரு வருடம் சரியாக இந்த மாதம் முடிகிறது. இரண்டாம் அலையில் மில் பாதி நாள் அடைத்துக் கிடக்கும்போது அசலும் சேர்ந்து தவணை வருகிறது. நீங்கள் இதை வாங்கி வரிப்பாக்கியைக் கட்டினால், அடுத்த வருடம் கடன் இருக்கும், சரக்கு இருக்காது. சரக்குப் போட வாங்குங்கள், சம்பளத்துக்கு வாங்குங்கள். பழைய பாக்கியை மூட வாங்காதீர்கள் என்பது என் எண்ணம்.


வரிக்கணக்கு_சித்தூர்
2021 ஜூலை 12

மில் அண்ணா, உடனே வங்கிக்குப் போங்கள். இந்த வருடம் எல்லோருக்கும் பொதுவான மாரடோரியம் (தவணைத் தள்ளிவைப்பு) கிடையாது. போன வருடம் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கொடுத்தது போல இப்போது இல்லை, கேட்டவருக்குத்தான். ரிசர்வ் வங்கி மே 5-ல் ஒரு திட்டம் அறிவித்தது: 2021 மார்ச் 31-ல் கணக்கு ஒழுங்காக இருந்த சிறு தொழில்கள் கடனை மறுசீரமைக்கக் கேட்கலாம். செப்டம்பர் 30-க்குள் கேட்டாக வேண்டும். அதற்குத் தகுதியான பழைய இசிஎல்ஜிஎஸ்காரர்களுக்கு நான்கு வருடத்தை ஐந்தாக்கி, முதல் இரண்டு வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று மே 30-ல் சேர்த்திருக்கிறார்கள். எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பதோடு போய்விடும்.

இன்னொன்று, எல்லோரும் பாஸ்புக்கைப் பாருங்கள். போன வருட மாரடோரியக் காலத்தில் வட்டிக்கு வட்டி போட்டிருந்தால் அதைத் திருப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இந்த மார்ச் 23-ல் சொல்லிவிட்டது. இரண்டு கோடிக்குள் கடன் உள்ளவர்களுக்குப் போன நவம்பரிலேயே வந்திருக்க வேண்டும். சிறு தொகைதான், ஆனால் நம்முடையது.


தையல்_கொழிஞ்சாம்பாறை
2021 ஜூலை 13

நான் வீட்டோடு தையல் யூனிட் வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடைதான் எங்களுக்கு வருடச் சோறு, இரண்டு வருடமாக அது இல்லை. எங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (பெண்கள் சுயஉதவிக் குழு) போன வருடம் முதலமைச்சரின் சகாய ஹஸ்தம் கடன் கொடுத்தார்கள். ஆளுக்கு 20,000 வரை, வட்டியை அரசு திருப்பித் தரும். எனக்கு வந்தது அதைவிடக் குறைவு, என்றாலும் அதில்தான் இரண்டு மெஷின் பழுது பார்த்து மாஸ்க் தைத்தோம். மாஸ்க் விலை விழுந்த பிறகும் நைட்டி, பாவாடை என்று ஓடுகிறது. வங்கி வாசலில் நிற்காமல் கிடைத்த ஒரே பணம் அது. கூட்டத்தில் கணக்கு நேராக இருந்ததால் கிடைத்தது. மண்டி அண்ணா வீட்டில் அக்கா அயல்கூட்டத்தில் இருந்தால் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாராந்தர வட்டியிலிருந்து முதலில் வெளியே வாருங்கள், அது குடும்பத்தையே தின்றுவிடும்.


நகரி_தறி
2021 ஜூலை 14

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறி. வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு, உங்களுக்கு மலையாளம் போலத்தான்.

எங்கள் பக்கம் போன வருடம் மே மாதம் ரீஸ்டார்ட் என்று 1,110 கோடிக்கு ஒரு திட்டம் அறிவித்தார்கள். அதில் எங்களுக்கு உபயோகமாக இருந்தது ஒன்றுதான்: ஏப்ரல் முதல் ஜூன் வரை மின்சாரத்துக்கு நிலையான கட்டணம் தள்ளுபடி. தறி ஓடாவிட்டாலும் அந்தக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா, அது நின்றதே பெரிய மூச்சு. தள்ளுவண்டிக்காரர்களுக்கும் பெட்டிக்கடைகளுக்கும் நவம்பரில் ஜகனன்னா தோடு வந்தது, 10,000 வட்டியில்லாக் கடன். தையல்காரர், சலவை, முடிதிருத்துகிறவர்களுக்கு ஜூனில் சேதோடு, வருடம் 10,000, அது கடன் இல்லை, நேராகக் கணக்கில். நெசவாளருக்கு 24,000 தருகிறார்கள், அது சொந்தக் கைத்தறி வைத்திருப்பவருக்கு மட்டும். விசைத்தறிக்காரனுக்கு அதில் இடமில்லை. எங்கள் தெருவில் அடுத்தடுத்த வீடு, ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை.

மத்திய அரசின் ஸ்வநிதியும் இருக்கிறது. 2020 மார்ச் 24-க்கு முன்பே நகரத்தில் தெருவியாபாரம் செய்தவருக்கு 10,000, ஒழுங்காகக் கட்டினால் 7% வட்டி மானியம்.


வேலந்தாவளம்_மண்டி
2021 ஜூலை 14

நகரித் தம்பி, கணக்கில் நேராகப் பணம் என்பதைக் கேட்கவே ஏக்கமாக இருக்கிறது. இங்கே அரிசி, பருப்பு கிட் ரேஷன் கடையில் வந்தது. அதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன், இரண்டு வருடமாக அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆனால் வியாபாரத்தைத் திரும்பத் தொடங்க ஒரு முதல் வேண்டும், அதை யாரும் கொடுக்கவில்லை.


ஹார்டுவேர்_பொள்ளாச்சி
2021 ஜூலை 15

இந்தப் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. லேட் ஃபீஸ் பயத்தில் கேரளத்து நண்பர்கள் சிலர் காம்போசிஷனுக்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். 1.5 கோடிக்குள் விற்பனை, 1% வரி, மூன்று மாதத்துக்கு ஒரு சலான், வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன், எல்லாம் சரி. ஆனால் காம்போசிஷனில் இருப்பவர் மாநிலம் தாண்டி சரக்கு விற்கக் கூடாது. வாங்கலாம், விற்கக் கூடாது. நம் மாதிரி எல்லையில் இருப்பவனுக்கு அது பாதி வியாபாரம். கோபாலபுரம் தாண்டினால் வேறு மாநிலம். ஆள் கடைக்கே வந்து கையில் வாங்கிப் போனால் அது உள்ளூர் விற்பனை. நீங்கள் வண்டியில் ஏற்றி அந்தப் பக்கம் அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. பதிவே இல்லாத சின்னக் கடைக்கும் இதுதான். 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் பொருள் விற்கிறவனுக்கு. வரியுள்ள சரக்கை ஒரு வண்டி வெளி மாநிலத்துக்கு அனுப்பினாலும் பதிவு கட்டாயம்.

ஈவே பில்லையும் (சரக்கை அனுப்ப ஆன்லைனில் எடுக்கிற சீட்டு) சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு மாதம் ரிட்டர்ன் நின்றால் ஈவே பில் அடைபடும். முன்பு அப்படி அடைபட்டவருக்கு நாங்கள் சரக்கு அனுப்பவும் முடியாது. இந்த மே 18-லிருந்து அதை மாற்றிவிட்டார்கள், அவர் வெளியே அனுப்புவதற்கு மட்டும்தான் தடை. எனவே பாத்திரக்கடை அண்ணா, உங்களுக்கு இங்கிருந்து சரக்கு வரத் தடை இல்லை. சப்ளையர் மறுத்தால் இதைச் சொல்லுங்கள்.


பாத்திரக்கடை_கொழிஞ்சாம்பாறை
2021 ஜூலை 17

எல்லோருக்கும் நன்றி. ஹார்டுவேர் அண்ணா சொன்னதைச் சப்ளையரிடம் சொன்னேன், சரக்கு வந்துவிட்டது. அக்கா சொன்னபடி நில் மாதத்தை எஸ்எம்எஸ்-லேயே போட்டேன். மற்ற மாதங்களுக்கு வரியும் வட்டியும் சேர்த்துப் பெரிய தொகை வருகிறது. ஒரே தடவையில் கட்ட வழியில்லை, மாத வரிசையில் பழையதிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டி முடிக்கப் போகிறேன்.

நேற்று வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதிக்காரர்கள் (கேரள வணிகர் சங்கம்) முதலமைச்சரைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். பக்ரீதுக்கு 18, 19, 20 மூன்று நாள் கூடுதல் கடைகள் திறக்கலாமாம். கடையைத் திறந்தால் கேஸ் போடுவோம் என்றதற்குப் பிறகு இது வந்ததே பெரிது. நோய் பரவக் கூடாது என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் திறந்தால் அந்த ஒரு நாளில் கூட்டம் நெரிகிறது, அது மட்டும் பரவாதா என்பதே எங்கள் கேள்வி.


மாவுமில்_மீனாட்சிபுரம்
2021 ஜூலை 31

நேற்று நிதியமைச்சர் பாலகோபால் 5,650 கோடிக்குத் தொகுப்பு அறிவித்திருக்கிறார், பார்த்தீர்களா? 2 லட்சம் வரையிலான கடனுக்கு ஆறு மாதம் 4% வட்டி மானியம். ஜூலை முதல் டிசம்பர் வரை அரசுக் கட்டிடத்தில் இருக்கும் கடைகளுக்கு வாடகை இல்லை. கட்டிட வரியும் அந்தக் காலத்துக்குத் தள்ளுபடி. கேஎஸ்எஃப்இ (கேரள அரசின் சிட்டி, நிதி நிறுவனம்) கடனுக்குச் செப்டம்பர் 30 வரை அபராத வட்டி இல்லை.


பாத்திரக்கடை_கொழிஞ்சாம்பாறை
2021 ஜூலை 31

பார்த்தேன். பஞ்சாயத்துக் கட்டிடத்தில் இருப்பவருக்கு நல்லது, மனதார வரவேற்கிறேன். நம் பஜாரில் எத்தனை கடை அரசுக் கட்டிடத்தில் இருக்கிறது? பெரும்பாலும் தனியார் கட்டிடம். கட்டிட வரி தள்ளுபடியானால் அந்த லாபம் யாருக்கு, உரிமையாளருக்குத்தானே? அவர் என் வாடகையில் குறைத்தால் உண்டு. எங்கள் கட்டிட உரிமையாளர் போன வருடம் ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுத்தார். அவர் குடும்பமும் அந்த வாடகையில்தான் ஓடுகிறது, அவரை மறுபடி கேட்க எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரனுக்கு நேராக வாடகை உதவி என்று ஒன்றை இரண்டு வருடத்தில் எந்த அரசும் யோசிக்கவில்லை. வாடகையால்தான் கடைகள் சாகின்றன. வரி, வட்டி எல்லாம் அதற்கு அப்புறம்.


தையல்_கொழிஞ்சாம்பாறை
2021 ஜூலை 31

உண்மை அண்ணா. எங்கள் வரிசையில் அடைத்த கடைகள் எல்லாமே அட்வான்ஸ் தீரும் வரை காத்திருந்து காலி செய்தவைதான். 4% மானியமும் புதிதாகக் கடன் வாங்க முடிந்தவருக்குத்தான்.


வரிக்கணக்கு_சித்தூர்
2021 ஆகஸ்ட் 1

கேரளத்தில் இருக்கும் ரெகுலர் வியாபாரிகள் எல்லோரும் இன்றே கவனியுங்கள். 2019 ஆகஸ்ட் 1-ல் தொடங்கிய 1% பிரளய செஸ் (வெள்ள நிவாரணக் கூடுதல் வரி) நேற்றோடு முடிந்துவிட்டது. பில்லிங் சாஃப்ட்வேரில் அதை எடுத்துவிடுங்கள். எடுக்காமல் இன்று முதல் வாடிக்கையாளரிடம் வாங்கினால் அது நீங்கள் அதிகாரமில்லாமல் வாங்கிய பணம் ஆகும். ஜூலை மாத விற்பனைக்கான செஸ் ரிட்டர்னை மட்டும் மறக்காமல் போடுங்கள். பாத்திரம், மிக்ஸி விற்கிறவர்கள் கடை வாசலில் எழுதியே வைக்கலாம், பொள்ளாச்சி விலைக்கும் நம் விலைக்கும் இருந்த அந்த ஒரு சதவீத இடைவெளி இனி இல்லை.


ஹார்டுவேர்_பொள்ளாச்சி
2021 ஆகஸ்ட் 6

நேற்று முதல் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வருகிறவர்கள் ஆர்டிபிசிஆர் சான்றோ இரண்டு டோஸ் ஊசி போட்ட சான்றோ காட்ட வேண்டும். சரக்கெடுக்க வருகிறவர்கள் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.


வரிக்கணக்கு_சித்தூர்
2021 ஆகஸ்ட் 30

நல்ல செய்தி. லேட் ஃபீஸ் சலுகையை நவம்பர் 30 வரை நீட்டி நேற்று அறிவிப்பு வந்துவிட்டது. பதிவு ரத்தானவர்களில், திரும்பக் கேட்பதற்கான கெடு 2020 மார்ச் 1-க்கும் இந்த ஆகஸ்ட் 31-க்கும் நடுவில் முடிந்தவர்களுக்குச் செப்டம்பர் 30 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். பாத்திரக்கடை அண்ணா, எத்தனை மாதம் மிச்சம்?


பாத்திரக்கடை_கொழிஞ்சாம்பாறை
2021 ஆகஸ்ட் 30

இந்த வருட மாதங்கள் மட்டும் பாக்கி அக்கா. ஓணத்துக்கு வந்த வியாபாரத்தை அப்படியே சலானில் போட்டேன். பிப்ரவரி, மார்ச் 2020 இன்புட்டையும் எடுத்துத்தான் போட்டிருக்கிறேன். வரி கொடுத்து வாங்கிய பில் கையில் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று, நீங்கள் சொன்ன ஆபத்து தெரிந்தேதான் செய்தேன்.


பாத்திரக்கடை_கொழிஞ்சாம்பாறை
2024 அக்டோபர் 20

மூன்று வருடம் கழித்து இந்த இழையைத் தட்டி எழுப்புகிறேன். கடை ஓடுகிறது. அந்த இரண்டு மாத இன்புட்டைக் காலம் கடந்தது என்று மறுத்து, வரி, வட்டி, அபராதம் சேர்த்து இந்த ஆகஸ்டில் ஆணை வந்திருக்கிறது. இப்போது சட்டம் மாறிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். அக்கா இன்னும் இங்கே இருக்கிறீர்களா?


வரிக்கணக்கு_சித்தூர்
2024 அக்டோபர் 20

இருக்கிறேன் அண்ணா. இதை எழுத எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

இந்த வருட நிதிச் சட்டத்தில் 16(5) என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 2017 ஜூலை முதலே செல்லும் என்று முன்தேதியிட்டிருக்கிறார்கள். 2017-18 முதல் 2020-21 வரையிலான பில்களுக்கு, 2021 நவம்பர் 30-க்குள் போட்ட எந்த 3பி-யில் இன்புட் எடுத்திருந்தாலும் செல்லும். நீங்கள் 2021 ஆகஸ்டிலேயே போட்டுவிட்டீர்கள். அந்தச் சலுகைக் காலத்தில் கஷ்டப்பட்டு ரிட்டர்னை முடித்தவர்களுக்கெல்லாம் இது பொருந்தும். அப்போது போடாமல் விட்டவர்களுக்கு இப்போதும் வழியில்லை.

அப்பீல் போக வேண்டிய அவசியமில்லை. ஆணையைத் திருத்தக் கேட்டு போர்ட்டலிலேயே மனு போடலாம். அக்டோபர் 8-ல் அறிவிப்பு வந்தது, அதிலிருந்து ஆறு மாதம். ஆணையின் எண், தேதி, எந்த மாதத்து இன்புட் எவ்வளவு மறுக்கப்பட்டது, அந்த 3பி போட்ட தேதி, இவற்றை அட்டவணையாக இணைக்க வேண்டும். ஆணையில் 16(4) தவிர வேறு காரணம் ஏதும் சொல்லியிருந்தால் அதற்கு இது உதவாது, அதற்கு மட்டும் மூன்று மாதத்துக்குள் அப்பீல். ஆகவே ஆணையை முழுக்கப் படியுங்கள்.


மாவுமில்_மீனாட்சிபுரம்
2024 அக்டோபர் 21

வணக்கம் எல்லோருக்கும். வங்கியில் எழுத்தில் கொடுத்ததால் எனக்கு ஐந்து வருடமாக நீட்டிக் கொடுத்தார்கள், அடுத்த வருடம் முடிகிறது. அக்கா, எங்கள் தம்பி கடைக்கும் இதேபோல 2018-19-க்கு ஆணை வந்து, பயந்து போய் கேட்ட வரியை முழுதாகக் கட்டிவிட்டான். திரும்பக் கிடைக்குமா?


வரிக்கணக்கு_சித்தூர்
2024 அக்டோபர் 21

கிடைக்காது அண்ணா. ஏற்கெனவே கட்டியதைத் திருப்பித் தர மாட்டோம் என்று அதே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். எனக்கும் அது ஏற்கவில்லை. கெடுவுக்குப் பயந்து முதலில் கட்டியவருக்கு நஷ்டம், கட்டாமல் இருந்தவருக்கு லாபம் என்பது சரியே இல்லை. ஆனால் ஆணையில் வேறு ஏதாவது பாக்கி நிற்கிறதா பாருங்கள். 2017-18, 2018-19, 2019-20 வருடங்களுக்கு 73-வது பிரிவில் வந்த ஆணை என்றால், வரியை மட்டும் 2025 மார்ச் 31-க்குள் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்று 128ஏ பிரிவு வந்திருக்கிறது. தம்பி வட்டியை இன்னும் கட்டவில்லை என்றால் அதையாவது காப்பாற்றலாம். ஆணையின் நகலை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.